அம்மா எழுதி வைக்கக் கேட்கிறார்: வென்டிலேட்டரை எடுப்பது பாவமா, குற்றமா?

பொருநைக்கரை:
வணக்கம். திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்கு வயது 79. சர்க்கரையும் இதய நோயும் உண்டு. மற்றபடி தெளிவாக இருக்கிறார், நாளிதழ் வாசிக்கிறார், எங்களைத் திட்டுகிறார். அண்மையில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஐசியூவில் குழாய்களோடு நெடுநாள் கிடந்து இறந்துபோனார். அதிலிருந்து, ‘என்னை அப்படிப் போட்டுவைக்கக் கூடாது, முறையாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார்.

அண்ணன் சொல்வது: வினையை அனுபவித்துத்தான் கழிக்க வேண்டும், நடுவில் அறுத்துவிட்டால் அந்தப் பாவம் பிள்ளைகளைச் சேரும். தம்பி சொல்வது: மெஷினை நிறுத்தச் சொன்னால் நம்மீதும் டாக்டர்மீதும் கொலை வழக்கு வரும். என் கணவர் வீட்டார் கத்தோலிக்கர்கள். மாமியார், ‘இது தற்கொலைக்குச் சமம், சம்மந்தியம்மாவிடம் எடுத்துச் சொல்’ என்கிறார். நான் அம்மா பக்கம். ஆனால் மூன்று பேருக்கும் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

வக்கீல்மாமா:
முதலில் தம்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் எளிது. சட்டம் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே ஒரு ஊழியரால் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். 2011 மார்ச்சில் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளியது. காரணம், அத்தனை ஆண்டுகள் அருணாவைக் கவனித்துக்கொண்டவர்கள் கேஇஎம் ஊழியர்கள். அவர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். அருணா 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். படுக்கையில் ஏறக்குறைய 42 ஆண்டுகள்.

பிறகு ‘காமன் காஸ்’ அமைப்பு 2005-இலேயே போட்டிருந்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கண்ணியமாக இறக்கும் உரிமை, உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கும். வயது வந்த, தெளிந்த மனமுடைய ஒருவர், மீள வழியில்லாத நிலை வந்தால் தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அம்மா கேட்பது இதைத்தான். எனவே கொலை வழக்கு என்ற பயம் வேண்டாம். நடைமுறையைப் பின்பற்ற வேண்டும், அவ்வளவுதான். நடைமுறை பற்றித் தனியாக எழுதுகிறேன். இப்போது நீதிமன்றம் கூப்பிடுகிறது.

திண்ணைத்_தாத்தா:
வக்கீல் இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு வயது 74, விருதுநகர்ப் பக்கம். தலைக்கூத்தல் என்ற ஒன்றை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? படுக்கையில் விழுந்த கிழவனுக்கும் கிழவிக்கும் எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்து, சொந்தபந்தத்துக்கு முன்கூட்டியே சொல்லியனுப்பிக் காரியத்தை முடிப்பார்கள். போலீஸ் வராது, பிரேதப் பரிசோதனை இருக்காது. ‘பெரியவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை’ என்பார்கள். சகிக்க முடியாதவர் யார் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். சொத்தைப் பிரித்து எழுதிய மறு மாதம் அப்பாவின் வலி பிள்ளைகளுக்குப் பொறுக்க முடியாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அதற்கு நோட்டரி முத்திரையும் குத்தித் தருகிறீர்கள். ‘பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது’ என்று ஒரு தாய் சொன்னால் அது அவள் விருப்பமா, அல்லது வீட்டில் காதில் விழுந்த பேச்சா? அம்மா பக்கம் நிற்கிறேன் என்கிற மகள் முதலில் இதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

பொருநைக்கரை:
தாத்தா, கேட்டேன். ‘பாரமா? நான் உங்களுக்குப் பாரமாக இருந்தால் நன்றாகச் சுமங்கள், நான் உங்களைச் சுமக்கவில்லையா?’ என்றுதான் சொன்னார். அவருக்கு வேண்டாதது குழாயும், யாருமில்லாத அறையும். சொத்தென்று சொல்ல இந்த வீடு ஒன்றுதான். அது இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இரவுப்பணி:
மதுரையில் ஐசியூ மருத்துவர். தாத்தாவின் சந்தேகம் நியாயமானது. ஆனால் நான் அன்றாடம் பார்ப்பது இதற்கு நேர் எதிரான ஒன்று. அதைச் சொன்னால் இந்த ஆவணம் எதற்கு என்று புரியும்.

நுரையீரலும் சிறுநீரகமும் போய், இனி திரும்ப மாட்டார் என்று உறுதியான ஒருவர் வென்டிலேட்டரில் இருக்கிறார் என்று வையுங்கள். குடும்பத்துக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். முறைப்படி குழாயை எடுக்க வேண்டுமென்றால் குழு அமைக்க வேண்டும், எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலான மருத்துவமனைகள் ‘நமக்கு எதற்கு வம்பு’ என்று ஒதுங்கிவிடுகின்றன. அப்போது என்ன நடக்கிறது? ‘மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக, சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்’ என்று குடும்பத்தாரிடம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். வழியெல்லாம் ஒரு பையன் கையால் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே வருகிறான். வீட்டு வாசலில் இறக்கி, வாயில் பால் ஊற்றி முடித்த பிறகு அந்தப் பையன் குழாயை உருவிவிட்டுப் போய்விடுகிறான். மூச்சு முட்டுவதைத் தணிக்க மார்ஃபின் இல்லை, பக்கத்தில் மருத்துவர் இல்லை. ஏட்டில் மட்டும் எல்லோர் கையும் சுத்தம்.

சட்டத்துக்குப் பயந்து, சட்டம் அனுமதித்த நல்ல வழியை விட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் உதவியாளர் தலையில் அதைக் கட்டுகிறோம். முறையாகச் செய்தால் முதலில் வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து ஏறும்; பிள்ளைகள் பக்கத்தில் இருப்பார்கள்; அதன் பிறகே குழாயை எடுப்போம். சிகிச்சையை விலக்குவது என்றால் கவனிப்பை நிறுத்துவது என்று பொருளே இல்லை. இந்த ஒன்றை அம்மாவுக்கும் அண்ணனுக்கும் புரியவைத்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அடைப்பு பற்றியும் சொல்ல வேண்டும். அவிட்டம் தொடங்கி ரேவதி வரைக்கும் உள்ள நட்சத்திரத்தில் உயிர் போனால் மாதக்கணக்கில் அந்த அறையைப் பூட்டி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ‘டாக்டர், நாளைக் காலை நட்சத்திரம் மாறிவிடும், அதுவரைக்கும் எப்படியாவது இழுத்துப் பிடியுங்கள்’ என்று கேட்பார்கள். சனிக்கிழமை என்றால் இன்னும் பதற்றம். துணை தேடும் என்று பயம். முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது நோயாளி வலியில்லாமல் இருந்தால் ஓர் இரவு பொறுத்துக்கொள்கிறேன். அந்த வீட்டில் நாளை வாழப் போகிறவர்கள் அவர்கள்தான்.

நெட்டூர்_சுப்பு:
பொருநைக்கரை அம்மா, அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வினை தீரும்வரை இருந்தே ஆக வேண்டும் என்றால், அந்த வினைக்கணக்கில் வென்டிலேட்டர் எந்தப் பக்கம் வருகிறது? மூச்சு நிற்கப் போகும்போது இயந்திரத்தைக் கொண்டுவந்து வைப்பதும் குறுக்கீடு, எடுப்பதும் குறுக்கீடு. வைத்தால் புண்ணியம், எடுத்தால் பாவம் என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதவில்லை. அவையெல்லாம் தோன்றிய காலத்தில் அந்த இயந்திரமே கிடையாது. பாரதத்தில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் உத்தராயணத்துக்காகக் காத்திருந்தார். தம் நேரத்தைத் தாமே தேர்ந்துகொண்டவரை யாரும் பாவி என்று சொல்லவில்லை, பிதாமகர் என்றுதான் கும்பிடுகிறோம்.

திண்ணைத்_தாத்தா:
பீஷ்மருக்கு வரம் இருந்தது. ஆஸ்பத்திரி வார்டில் கிடப்பவருக்கு இன்ஷூரன்ஸ் கார்டுதான் இருக்கிறது. கார்டில் பணம் தீர்ந்த அன்றைக்கு ‘இனிப் பயனில்லை’ என்று சொல்லும் மருத்துவமனையை என்ன செய்வது?

இரவுப்பணி:
அதையும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. பணம் இருக்கும்வரை நம்பிக்கை கொடுக்கும் மருத்துவமனைகளும் உண்டு. அதனால்தான் முடிவைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் ஒருவர் கையில் விடக் கூடாது என்று தீர்ப்பு சொல்கிறது.

கோட்டாறு:
நாகர்கோவில் கத்தோலிக்கன். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள் அக்கா. 1957 நவம்பரில் மயக்க மருத்துவர்கள் சிலர் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரிடம் (பயஸ்) இதே கேள்வியைக் கேட்டார்கள். செயற்கைச் சுவாசக் கருவிகள் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தன. சாதாரண வழிகளால் உயிரைக் காப்பது கடமை. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாள வேண்டிய கடமை இல்லை என்று அவர் பதில் சொன்னார். இன்றைய மறைக்கல்வி ஏடும் அதையேதான் சொல்கிறது: பயனுக்கு மிஞ்சிய சுமையைத் தரும் சிகிச்சையை நிறுத்துவது நியாயமே, அதில் மரணத்தை வரவழைக்கும் எண்ணம் இல்லை, தடுக்க இயலாமையை ஏற்றுக்கொள்வது மட்டுமே இருக்கிறது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த கேரன் ஆன் குயின்லன் வழக்கைப் படித்துப் பாருங்கள். 1975-இல் 21 வயதில் நினைவிழந்த பெண். பெற்றோர் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள். பங்குக் குருவிடம் கேட்டுத் தெளிந்த பிறகே சுவாசக் கருவியை எடுக்கச் சொன்னார்கள், மருத்துவர்கள் மறுத்தார்கள். 1976-இல் மாநில உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கருவியை எடுத்த பின் அந்தப் பெண் தானாகவே மூச்சுவிட்டு 1985 வரை உயிரோடு இருந்தாள். அந்த ஆண்டுகள் முழுவதும் உணவுக் குழாயை எடுக்கச் சொல்லிப் பெற்றோர் ஒருபோதும் கேட்கவில்லை. அவர்களுடைய மனசாட்சியில் சுவாசக் கருவி வேறு, சோறு வேறு.

அங்கேதான் உங்கள் மாமியாருக்கு உண்மையான ஒரு சிக்கல் வரும். குழாய் வழியாகத் தரும் உணவும் நீரும் பொதுவாகச் சாதாரணக் கவனிப்பே என்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) 2004-இல் சொல்லியிருக்கிறார். உங்கள் அம்மா மூக்குக் குழாயும் வேண்டாம் என்றால், மாமியார் அதை மட்டும் எதிர்க்கலாம். மற்றதற்குத் திருச்சபையைத் துணைக்கு அழைக்க முடியாது.

காயல்காற்று:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பக்கமும் ஏறக்குறைய இதுதான். உயிர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை நாமாக முடித்துக்கொள்வது ஹராம் (விலக்கப்பட்டது). அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் பயனில்லை என்று தெரிந்த பிறகும் சிகிச்சையை நீட்டிக்கொண்டே போவது கட்டாயம் என்று மார்க்கம் சொல்லவில்லை. மூளைச்சாவை நம்பகமான மருத்துவர்கள் உறுதி செய்தால் கருவிகளை விலக்கலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) பேரவை 1986-இல் அம்மானில் கூடித் தீர்மானித்தது. எல்லா ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) அதை ஏற்கவில்லை. இதயம் நிற்கும்வரை மௌத்து (மரணம்) இல்லை என்போரும் இருக்கிறார்கள். அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் எங்கள் வீட்டில் வாப்பாவின் கடைசி நேரத்தில் இந்தக் கேள்வியெல்லாம் எழவே இல்லை. கலிமா சொல்லிக்கொடுக்க ஒருவரை உள்ளே விடுவார்களா, குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதலாமா, கட்டிலைக் கிப்லா (மக்கா) பக்கம் திருப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. காவலாளி விடவில்லை. பார்வையாளர் நேரம் மாலை ஐந்து மணி என்றார். மருத்துவ அறம் என்று பெரிய வார்த்தைகள் பேசுகிற இடத்தில் இதையும் யாராவது பேச வேண்டும்.

இழைக்_காப்பாளர்:
இரண்டு பதிவுகளில் இருந்த மருத்துவமனைப் பெயர்களை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

ஸ்காபரோ_சிவா:
கனடாவில் 2016-இலிருந்து மருத்துவரே ஊசி போட்டு முடித்துவைக்கச் சட்டம் இருக்கிறது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலேயே நடந்திருக்கிறது. இந்தியாவிலும் அதே வழிக்குத்தானே போகிறீர்கள்?

வக்கீல்மாமா:
இல்லை சிவா. இங்கே ஊசி போட்டால் அது கொலைக் குற்றம். 2011 தீர்ப்பும் சரி, 2018 தீர்ப்பும் சரி, அந்தக் கதவைத் திறக்கவில்லை. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பொருநைக்கரையின் தம்பி பயப்படுகிறார்.

செஞ்சிமலை:
தமிழ்ச் சமணன் நான். தலைக்கூத்தல், தற்கொலை என்றெல்லாம் ஒரே மூட்டையில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடம் அது. சங்கப் பாடல்களில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படிக்கிறோம். அதே தமிழ்நாட்டில் எங்கள் பாட்டி சல்லேகனை என்னும் உண்ணாநோன்பை ஏற்க விரும்பியபோது, ‘போலீஸ் வரும்’ என்று பக்கத்து வீட்டார் மிரட்டினார்கள்.

ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் சந்தாரா (சல்லேகனைக்கு இன்னொரு பெயர்) தற்கொலைக்குச் சமம், தண்டிக்கத்தக்கது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நாடு முழுக்க எங்கள் மக்கள் ஊர்வலம் போனார்கள். வெறுப்பிலோ வலி தாங்காமலோ குடும்பச் சண்டையிலோ அந்த நோன்பை ஏற்கக் கூடாது. குருவின் அனுமதி வேண்டும். கடமைகளை முடித்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, உணவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இத்தனை நிபந்தனை எந்த மருத்துவமனைப் படிவத்தில் இருக்கிறது?

திண்ணைத்_தாத்தா:
நிபந்தனையை மதிக்கிறேன் ஐயா. குருவே சொல்லிவிட்டார் என்ற பிறகு பாட்டியால் ‘பசிக்கிறது’ என்று சொல்ல முடியுமா? ஊரே காலில் விழுந்து வணங்கிக்கொண்டிருக்கும்போது?

செஞ்சிமலை:
எங்கள் பாட்டி கேட்டார், கஞ்சி கொடுத்தோம். நோன்பு அதோடு முடிந்தது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதன் பின் இரண்டு மழைக்காலம் இருந்தார். எல்லா வீடும் அப்படி என்று நான் சொல்ல மாட்டேன்.

இரவுப்பணி:
நல்ல பதில். முன்கூட்டிய ஆவணத்திலும் அந்த வாசல் இருக்கிறது. நினைவோடு இருக்கும்வரை அவர் வாய்ச்சொல்தான் செல்லும். பேச முடியாதபோது மட்டுமே தாளைப் பார்ப்போம்.

கோட்டாறு தம்பி எடுத்துக் கொடுத்த நூலை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். வைக்காமல் இருப்பது, வைத்ததை எடுப்பது: இரண்டுக்கும் அறத்தில் வேறுபாடு இல்லை என்று மருத்துவ அறநூல்கள் சொல்கின்றன. கையால் எடுப்பவனுக்கு அப்படித் தோன்றுவதே இல்லை. யூதச் சமயச் சட்டத்தில் இந்த வேறுபாடு மிக ஆழமானது. அதனால் இஸ்ரேல் 2005-இல் இயற்றிய ‘இறக்கும் நோயாளி’ சட்டத்தில் ஒரு விசித்திரமான வழி கண்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரை நிறுத்தக் கூடாது. ஆனால் நேரக்கருவி பொருத்தி, குறித்த நேரத்தில் அதுவாகவே நின்று, மறுபடி தொடங்க மனிதர் தேவைப்படும்படி அமைக்கலாம். மறுபடி தொடங்காமல் இருப்பது, வைக்காமல் இருப்பதற்குச் சமம்! சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. நம் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் பையனைக் கொண்டு நாம் செய்வதும் இதே தந்திரம்தான். அவர்கள் அதை வெளிப்படையாகச் சட்டத்தில் எழுதினார்கள், நோயாளி மருத்துவமனையிலேயே இருக்கிறார்.

இந்த வேறுபாட்டுப் பயத்தால் வரும் கெடுதல் ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. ‘ஒருமுறை வைத்தால் எடுக்கவே முடியாது’ என்று நம்பும் குடும்பம், வைக்கவே விடாது. போன மழைக்காலத்தில் நிமோனியாவோடு வந்த ஒரு மூதாட்டி, நான்கைந்து நாள் கருவி உதவி கிடைத்திருந்தால் நடந்து வீடு போயிருப்பார். பிள்ளைகள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். பொருநைக்கரை, உங்கள் அம்மா ‘வென்டிலேட்டர் வேண்டாம்’ என்று மொட்டையாக எழுத வேண்டாம். ‘மீள வாய்ப்பிருந்தால் சில நாள் முயலுங்கள், மீள மாட்டேன் என்று உறுதியானால் எடுத்துவிடுங்கள், வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள்’ என்று எழுதச் சொல்லுங்கள். டயாலிசிஸ், நெஞ்சை அமுக்கி மீட்பது, மூக்குக் குழாய் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

வக்கீல்மாமா:
நடைமுறை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 2018-இல் போட்ட விதிகள் கடுமையானவை. முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மேலொப்பம் போட வேண்டும் என்றார்கள். அதற்காக யாரும் நீதிமன்றப் படி ஏறவில்லை. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் சான்றளித்தால் போதும். அம்மா சார்பில் முடிவு சொல்ல ஒன்றுக்கு மேற்பட்டவர்களைப் பெயர் குறிப்பிடலாம். உங்களோடு அண்ணன் பெயரையும் போடச் சொல்வேன். எதிர்ப்பவரை வெளியே நிறுத்தினால் ஐசியூ வாசலில் சண்டை வரும்.

தாத்தா கேட்டதற்கு: ஆவணம் இருந்தாலும் பிள்ளைகள் சொன்னவுடன் எடுத்துவிட முடியாது. சிகிச்சை அளிப்பவரோடு, ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு வல்லுநர்களாவது சேர்ந்த முதல் குழு, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரும், முதல் குழுவில் இல்லாத வேறு இருவரும் அடங்கிய இரண்டாம் குழு ஒப்ப வேண்டும். எடுப்பதற்கு முன் நடுவருக்குத் தகவல் தர வேண்டும். மருத்துவமனை மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். ஆவணம் எழுதாதவர்களுக்கும் குடும்பத்தின் ஒப்புதலோடு இதே இரண்டு குழு வழி உண்டு. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதற்கெனச் சுற்றறிக்கை வெளியிட்டது.

திண்ணைத்_தாத்தா:
இரண்டு குழு இருப்பது பரவாயில்லை. சாட்சியாக மருமகளும் மருமகனும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வக்கீல்மாமா:
சாட்சிகள் சொந்தமில்லாதவர்களாக இருப்பது நல்லது என்றுதான் தீர்ப்பும் சொல்கிறது, தாத்தா.

பொருநைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அண்ணனுக்கு இந்த இழையை அனுப்பினேன். பீஷ்மரைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் பற்றிய பதிவைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பாவை 2009-இல் அப்படித்தான் கொண்டுவந்தோம், அந்த வண்டியில் கூட இருந்தது அண்ணன்தான். தம் பெயரையும் போடச் சம்மதித்திருக்கிறார். மாமியாரோடு மூக்குக் குழாய் பற்றிப் பேச்சு இன்னும் முடியவில்லை. அம்மாவோ ‘என் மூக்கு, அவர்களுக்கு என்ன’ என்கிறார்.

ஒரு சந்தேகம். எழுதி முடித்த தாளை யாரிடம் கொடுத்து வைப்பது? பீரோவில் கிடந்தால் ஐசியூவுக்கு எப்படித் தெரியும்?

வக்கீல்மாமா:
பெயர் குறிப்பிட்ட இருவருக்கும் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவருக்கும் ஆளுக்கொரு படி கொடுங்கள். உள்ளாட்சி அமைப்பு ஓர் அலுவலரைப் பாதுகாப்பாளராக நியமித்து ஒரு படியை வைத்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. மும்பை மாநகராட்சி நியமித்தது, அதற்கும் ஒருவர் வழக்குப் போட வேண்டியிருந்தது. உங்கள் மாநகராட்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். ‘அப்படி ஒன்று கிடையாது’ என்று சொன்னால் ஆணையர் பெயருக்கு ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பிவிட்டு, அந்த அட்டையை ஆவணத்தோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். செல்பேசியிலும் ஒரு படம் இருக்கட்டும்.

இரவுப்பணி:
எங்களுக்கு அந்தப் படம்தான் முதலில் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு யாரும் பீரோச் சாவி தேட மாட்டார்கள்.